ஐந்து கோடியும் நாற்பத்தெட்டு லட்சம் கோடியும்

வாசகர் கேள்வி – பதில்

நாடாளுமன்ற உறுப்பினர்களின் பணியைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தொகுதிக்குள் அவர்கள் செய்வதையும் டெல்லியில் செய்வதையும் சுற்றியே எல்லாக் கடிதங்களும் அமைந்திருப்பதால், அவற்றுள் சிலவற்றை இவ்விதழில் ஒருசேர எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் எம்.பி. தமது பணிகளைப் பட்டியலிட்டு வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்திருக்கிறார். பயணியர் நிழற்குடை, உயர்மின் கோபுர விளக்கு, சமுதாயக்கூடம் என்று ஊர்ப்பணிகளுக்கு மூன்று பக்கங்கள். டெல்லியில் செய்தவற்றுக்கு நான்கே வரிகள். ஓர் எம்.பி.யை நாம் எதைக் கொண்டு மதிப்பிடுவது? (காவிரிப் படுகையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அந்த நான்கு வரிகளைக் கொண்டுதான் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்று பக்கங்களில் இருப்பவை பெரும்பாலும் எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியில் நடந்த வேலைகளாக இருக்கும். 1993 டிசம்பரில் நரசிம்மராவ் அரசு தொடங்கிய திட்டம் அது. முதல் ஆண்டில் ஓர் உறுப்பினருக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்றிருந்தது மறு ஆண்டில் ஒரு கோடியாகவும், 1998-99இல் இரண்டு கோடியாகவும், 2011-12இல் ஐந்து கோடியாகவும் உயர்ந்தது. அந்த நிதி எம்.பி.யின் கைக்கு வருவதில்லை. இன்ன வேலை தேவை என்று அவர் பரிந்துரைக்கலாம்; ஒப்புதல் தருவதும் செயல்படுத்தும் துறையிடம் ஒப்படைப்பதும் மாவட்ட நிர்வாகம். ஆண்டு நிதியில் குறைந்தது 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் போக வேண்டும் என்பது விதி.

இப்போது கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 2024 தேர்தலின்போது ஏறத்தாழ 6 கோடியே 23 லட்சம் வாக்காளர்கள் இருந்தனர்; தொகுதிக்குச் சராசரியாகப் பதினாறு லட்சம் பேர். ஐந்து கோடியை அவர்களுக்குப் பகிர்ந்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு முப்பத்தொரு ரூபாய் வருகிறது. ஒவ்வொரு மக்களவைத் தொகுதிக்குள்ளும் இருக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சமமாகப் பிரித்தாலும், ஒன்றுக்கு ஏறத்தாழ 83 லட்சம்தான். அதே எம்.பி. டெல்லியில் கைதூக்கி நிறைவேற்றுகிற ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டமோ, 2024-25ஆம் ஆண்டுக்கு 48 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. ஐந்து கோடிக்கு மூன்று பக்கக் கணக்குக் கேட்டு வாங்கும் நாம், நாற்பத்தெட்டு லட்சம் கோடியில் நம் தொகுதிக்காக அவர் என்ன பேசினார் என்று கேட்பதே இல்லை. 2023 மார்ச் 23 அன்று ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்ட தொகைகளை, மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. அமளிக்கு நடுவே, 'கில்லட்டின்' என்று சொல்லப்படும் நடைமுறையின்படி எல்லாக் கோரிக்கைகளும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. அன்று அவையில் நடந்தது எந்த ஊரின் துண்டறிக்கையிலும் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

நிழற்குடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் பேருந்துக்கு நிற்கும் மூதாட்டிக்கு அது பெரிய உதவி. ஆனால் அது ஊராட்சியும் நகராட்சியும் மாநில அரசும் செய்யக்கூடிய வேலை. நாடாளுமன்ற நடைமுறைகளை ஆழ்ந்து கற்றவரான இரா. செழியன் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அரசைக் கண்காணிக்க வேண்டியவர்களே அரசின் வேலையைச் செய்பவர்களாக மாறினால், கண்காணிக்க யார் மிஞ்சுவார்கள் என்பதே இவ்வகை எதிர்ப்பின் சாரம். அரசியல் சட்டச் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலய்யா ஆணையம் 2002இல் இத்திட்டத்தைக் கைவிடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் இது சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. சட்டப்படி செல்வதால் மட்டுமே ஒன்று எம்.பி.யின் தலையாய பணியாகிவிடாது.

கேள்வி: எங்கள் ஊரில் ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை அமைத்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறார்கள். எம்.பி.யிடம் இரண்டு முறை மனு கொடுத்தோம். 'மேலே எழுதியிருக்கிறேன்' என்கிறார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்? (மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, அவரால் நிறையச் செய்ய முடியும். ஊர்ப்பணியும் டெல்லிப் பணியும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இடம் உங்கள் சுரங்கப்பாதைதான் என்பதால், இக்கேள்விக்கு நீண்ட பதில் எழுதத் தோன்றுகிறது.

ரயில்வே முழுக்க முழுக்க ஒன்றிய அரசின் துறை. சட்டமன்ற உறுப்பினரோ மாவட்ட ஆட்சியரோ அதற்குக் கட்டளையிட முடியாது. ஆகவே நீங்கள் மனுவைக் கொடுத்தது சரியான இடத்தில்தான். எம்.பி. முதலில் செய்ய வேண்டியது, அந்த மனுவைக் கோட்ட மேலாளருக்கு அனுப்பி, எழுத்தில் பதில் பெற்று, நகலை உங்களுக்குத் தருவது. தெற்கு ரயில்வேயின் பொது மேலாளர் கோட்டவாரியாக எம்.பி.க்களை அழைத்து நடத்தும் கூட்டத்திலும் அவர் இதை எழுப்பலாம். மாவட்ட அளவில், ஒன்றிய அரசின் திட்டங்களைக் கண்காணிக்க 2016இல் ஏற்படுத்தப்பட்ட 'திஷா' குழு இருக்கிறது. மக்களவை உறுப்பினர் தலைமையில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அது கூட வேண்டும். சாலை வடிகாலும் ரயில்வே வடிகாலும் சேரும் இடத்தில் இரு துறைகளும் ஒன்றையொன்று கைகாட்டும்போது, இரு தரப்பு அலுவலர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க இக்குழுவை அவர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பலன் இல்லையென்றால் டெல்லி. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமிடாக் கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. முதல் வகைக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார். துணைக் கேள்விகளும் கேட்கலாம். இரண்டாம் வகைக்கு எழுத்தில் பதில் வரும். பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வர வேண்டும். நட்சத்திரக் கேள்வியில் இடம் கிடைக்காவிட்டாலும் குறைவில்லை. சுரங்கப்பாதை போன்ற சிக்கலுக்கு எழுத்துப் பதிலே நல்லது. இன்ன கோட்டத்தில் எத்தனை சுரங்கப்பாதைகளில் மழைநீர் தேங்குகிறது, நீரேற்றும் மோட்டார் எத்தனை இடங்களில் பொருத்தப்பட்டுள்ளது, வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று கேட்டால், அமைச்சகம் அந்தக் கணக்கைத் திரட்டியே ஆக வேண்டும். கோட்ட அலுவலகத்துக்கு டெல்லியிலிருந்து தகவல் கேட்டுக் கடிதம் வந்த பிறகு உங்கள் ஊர்க் கோப்பு பழைய இடத்தில் கிடக்காது. இது தவிர, 377ஆம் விதியின்கீழ் ஊர்ப் பிரச்சினையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரவும் இடமுண்டு.

பலரும் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். அமைச்சர் 'பரிசீலனையில் உள்ளது' என்றோ 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்றோ பதில் சொன்னால், நாம் அதைத் தட்டிக்கழிப்பாகக் கருதி விட்டுவிடுகிறோம். நாடாளுமன்றத்தின் கணக்கில் அவ்வார்த்தைகள் அரசு அளித்த உறுதிமொழி. மூன்று மாதங்களுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். தவறினால் அரசு உறுதிமொழிகள் குழு அமைச்சகத்திடம் விளக்கம் கேட்கும். மக்களவையில் இக்குழு 1953 முதல் இயங்கி வருகிறது. கேள்வி கேட்டதோடு நில்லாமல், பதிலில் வந்த அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்கிற எம்.பி.யே எனக்கு நல்ல எம்.பி. எத்தனை கேள்விகள் கேட்டார் என்ற எண்ணிக்கைக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை.

அடுத்த முறை 'மேலே எழுதியிருக்கிறேன்' என்று அவர் சொன்னால், எந்தத் தேதியில், யாருக்கு, வந்த பதில் எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: எதிர்க்கட்சி எம்.பி. கேட்டால் ஒன்றிய அரசு செவிசாய்க்குமா? ஆளுங்கட்சி எம்.பி. தன் அரசையே கேள்வி கேட்பாரா? (சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டுக்கும் சான்று உண்டு. ஃபெரோஸ் காந்தி ரேபரேலியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட காங்கிரஸ் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். அப்போது புதிதாக உருவாகியிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு செய்தது ஏன் என்று 1957இல் அவர் அவையில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா தலைமையில் பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரணை நடந்து, நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். ஆளுங்கட்சியின் இருக்கையிலிருந்து எழுந்த கேள்வி அது.

எதிர்வரிசைக்கு நம் ஊர்ச் சான்று. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் துணை மருத்துவப் பணியிடங்களுக்கான தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு தேர்வு மையம்கூட இல்லை என்று, மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் 2020 அக்டோபரில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். உள்துறை இணையமைச்சரிடமிருந்து வந்த பதில் இந்தியில் இருந்தது. அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். ஆங்கிலத்தில் முறையிட்டவருக்கு ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும், அலுவல் மொழிச் சட்டத்தை ஒன்றிய அரசு பின்பற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் நீதிமன்றம் ஆணையிட்டது. தேர்வெழுத வெளிமாநிலம் போக வேண்டிய இளைஞர்களுக்காகத் தொடங்கிய ஒரு கடிதம், ஒன்றிய அரசுக்கு ஆங்கிலத்தில் எழுதும் எல்லோருக்குமான ஆணையாக முடிந்தது. கட்சிச் சார்பைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், வந்த பதிலோடு அமைதியடையாமல் இருந்ததே இதில் நான் போற்றும் குணம்.

கேள்வி: எம்.பி.க்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள் சட்டமாவதே இல்லையே. பிறகு எதற்கு அந்த நேரச் செலவு? (கடற்கரை மாவட்டத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்)

பதில்: தாங்கள் சொல்வது கிட்டத்தட்ட உண்மை. விடுதலைக்குப் பின் பதினான்கு தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன, கடைசியானது 1970இல். பதினேழாவது மக்களவையில் (2019–24) 729 தனிநபர் மசோதாக்கள் அறிமுகமாயின, விவாதிக்கப்பட்டவை இரண்டு. இம்மசோதாக்களுக்கென ஒதுக்கப்படும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலின் இரண்டரை மணி நேரத்தில், பல உறுப்பினர்கள் ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

ஆனால் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை நினைத்துப் பாருங்கள். திருநங்கையருக்கென்று நாட்டிலேயே முதன்முதலாக நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு, 2008இல். அந்த அனுபவம் இருந்த மாநிலத்திலிருந்து சென்ற உறுப்பினர், மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளுக்காக, கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு உட்பட, ஒரு முழுச் சட்டத்தை எழுதி 2014இல் மாநிலங்களவையில் அறிமுகம் செய்தார். 2015 ஏப்ரல் 24 அன்று அவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளாக எந்தத் தனிநபர் மசோதாவும் மாநிலங்களவையில் அந்தப் படியை எட்டியதில்லை. அது மக்களவையைக் கடக்கவில்லை. அரசு தன் மசோதாவை 2016இல் கொண்டுவந்து, 2019இல் சட்டமாக்கியது. இடஒதுக்கீடு இல்லாத அச்சட்டத்தைத் திருநங்கையரும் திருநம்பியரும் குறைசொன்னபோது, அளவுகோலாக அவர்கள் கையில் இருந்தது சிவாவின் மசோதா. சட்டமாகாத மசோதாவும் சட்டத்தைத் தட்டிக் கேட்கும். அதற்காக இரண்டரை மணி நேரம் செலவழிப்பது தகும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: எங்கள் எம்.பி.யின் வருகைப் பதிவு 90 விழுக்காட்டுக்கு மேல். இது நல்ல அறிகுறிதானே? (தென் மாவட்ட வாசகர்)

பதில்: ஓரளவுக்கு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார் என்பதற்கே அது சான்று. அவையில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதற்கு அன்று. அமைச்சர்கள் அதில் கையெழுத்திடுவதில்லை என்பதால், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது.

கேள்வி: கட்சிக் கொறடா சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும் என்றால், எம்.பி. எங்கள் பிரதிநிதியா, கட்சியின் பிரதிநிதியா? (ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்)

பதில்: மனத்தை உறுத்தும் கேள்வி. 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணையின்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தவர் பதவியை இழக்க நேரிடும். கட்சித் தாவலைத் தடுக்க வந்த விதி, மனச்சான்றுப்படி வாக்களிப்பதையும் தடுத்துவிட்டது. ஆட்சியின் நிலைத்தன்மையைத் தொடும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் அந்த ஆணை பொருந்தட்டும் என்று, சண்டிகர் எம்.பி. மணீஷ் திவாரி ஒருமுறைக்கு மேல் தனிநபர் மசோதா கொண்டுவந்திருக்கிறார். எனக்கும் அதில் உடன்பாடு.

ஆயினும் கொறடாவின் கை எட்டாத இடங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கேள்வி, மேலே அதைப் பற்றிப் போதிய அளவு எழுதிவிட்டேன். மற்றொன்று நிலைக்குழு. துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்களுக்கு அதில் இடமில்லை. கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. படம்பிடிக்கும் கேமரா இல்லாததால் உறுப்பினர்கள் கட்சி மறந்து பேசுகிறார்கள் என்று அவற்றில் இருந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அமைச்சகச் செயலாளர்களை நேரில் அழைத்து, செலவழியாத பணத்துக்குக் காரணம் கேட்கலாம். 2024 செப்டம்பரில் அமைந்த குழுக்களில், தொழில் துறைக் குழுவுக்குத் திருச்சி சிவாவும், நுகர்வோர் நலன் மற்றும் உணவுத் துறைக் குழுவுக்குக் கனிமொழியும் தலைமை ஏற்றனர். வருந்தத்தக்கது என்னவென்றால், பதினைந்தாவது மக்களவைக் காலத்தில் (2009–14) நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. பதினேழாவது மக்களவையில் அது 16ஆகச் சுருங்கிவிட்டது. இந்தச் சரிவு நடந்தபோது நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய அளவுக்குக் குரல் எழுப்பவில்லை என்பது என் ஆதங்கம்.

கேள்வி: எங்கள் எம்.பி. எந்தக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வருவதில்லை. ஓட்டு வாங்கிவிட்டு டெல்லியில் உட்கார்ந்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. (கொங்கு வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பதினேழாவது மக்களவை ஐந்தாண்டுகளில் கூடியது மொத்தம் 274 நாள். ஆண்டுக்கு ஐம்பத்தைந்து நாள்தான். மற்ற நாட்களில் அவர் தொகுதியிலிருக்க நேரமுண்டு, இருக்கவும் வேண்டும். துக்க வீட்டுக்கு வருவதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மக்களின் முகம் பார்க்காதவருக்கு அவர்களின் குறை தெரியாது. சிகிச்சைக்குப் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து உதவி பெறப் பரிந்துரைக் கடிதம், அவசரப் பயணத்துக்கு ரயிலில் அவசர ஒதுக்கீட்டுக் கடிதம் என்று ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் சிறு உதவிகள் பல எம்.பி. அலுவலகத்திலிருந்துதான் கிடைக்கின்றன. அந்த அலுவலகம் தொகுதியில் எங்கே இருக்கிறது, எந்த நாட்களில் திறந்திருக்கும், மனுவுக்கு எண் போட்டு ரசீது தருகிறார்களா என்று முதலில் பாருங்கள். அவர் கல்யாணத்துக்கு வந்தாரா என்பதைவிட எனக்கு அந்த ரசீது பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: அவர் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் சாதாரண மக்கள் எங்கே பார்ப்பது? (மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஓர் ஊராட்சி வார்டு உறுப்பினர்)

பதில்: நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் உறுப்பினரின் பெயரைத் தேடினால், அவர் கேட்டவை, பேசியவை, அறிமுகம் செய்த மசோதாக்கள் எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன. பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருப்பது பெருங்குறை. தாங்கள் ஊராட்சி உறுப்பினர் என்பதால் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு, நூறு நாள் வேலைக் கூலி, குடிநீர் இணைப்பு, வீட்டுத் திட்டம் ஆகியவை பற்றி உங்கள் எம்.பி. கேட்டுப் பெற்ற பதில்களில் இரண்டை மட்டும் அச்செடுத்து, பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு தமிழில் வாசிக்கச் செய்யுங்கள். பதிலில் சொன்ன கணக்கும் ஊரில் நடந்ததும் ஒத்துப்போகவில்லையென்றால், அதையே தீர்மானமாக நிறைவேற்றி எம்.பி.க்கு அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு அவர் கேட்க வேண்டிய கேள்வி அதிலேயே எழுதப்பட்டிருக்கும். வந்த பதிலை எனக்கும் ஒரு நகல் அனுப்பினால் இப்பகுதியில் வெளியிடுகிறேன்.